சனிக்கிழமை மாலைக் கூடுகை

ஒரு சபையின் ஞாயிறு பள்ளி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதில் அதிகப் பயனில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், பாட்டும் கைதட்டலும் இருக்கும், எல்லாம் நன்றாகவே தோன்றும். சனிக்கிழமை மாலை ஆசிரியர்கள் கூடுகிறார்களா, கூடினால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். தென் தமிழகத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில், அதாவது ஒரே குருவின் கீழுள்ள சபைத் தொகுப்புகளில், ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்குக்கான வகுப்பு), பெரியவர்களின் வேதபாடம் என்று பல காலம் புழங்கியவர்களுக்கு இது தெரியும். மறுநாள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தயாராவதற்குத்தான் அந்தக் கூடுகை என்று பேர். ஆனால் வளர்ந்தவர்கள் வாரந்தோறும் உட்கார்ந்து படிக்கும் வகுப்பு என்று பல சபைகளில் இருப்பது அது ஒன்றுதான்.

சபையின் கல்வி பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப நூற்றாண்டுகளில் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்களும் பெண்களும். சில இடங்களில் மூன்று ஆண்டு வரை கேட்டுப் படித்த பிறகுதான் ஞானஸ்நானம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் வேரில் ஞானஸ்நானத்துக்கான அந்தக் கடைசிக்கட்ட ஆயத்தமும் இருக்கிறது. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியோ வேறொரு தேவைக்காக வந்தது. வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஞாயிறு ஒன்றுதான் கிடைத்தது. பின்னாளில் எழுத்தறிவை வாரநாள் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ‘பாடம் என்றால் பிள்ளைகளுக்கு’ என்ற பழக்கம் மட்டும் சபையில் தங்கிவிட்டது.

நம் பக்கத்தில் கதை கொஞ்சம் வேறு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸும் பள்ளிக்கூடமும் வைத்தார்கள், பெரியவர்களுக்கு ஞானோபதேசமும் நடத்தினார்கள். நெல்லைக் கிராமங்களில் உபதேசியார் பகலில் வாத்தியார். மாலையில் கோயில் மணியடித்து ஊரைக் கூட்டி வேதம் வாசித்து விளக்குபவரும் அவரே. பல ஊர்களில் அந்த மணி இன்றும் அடிக்கிறது. விளக்கம்தான் தேய்ந்துவிட்டது.

சனிக்கிழமைக் கூடுகைக்கு 75 நிமிடம் போதும். முதல் 25 நிமிடம் மறுநாள் பாடப்பகுதியை ஆசிரியர்கள் தங்களுக்காக வாசிக்க வேண்டும். ‘இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது’ என்ற பேச்சை யாரும் அப்போது எடுக்கக் கூடாது. எடுத்தால் நடத்துபவர் தடுக்க வேண்டும். அடுத்த 15 நிமிடம் இடம், காலம், பின்னணி. இதற்கு ஒரு வரைபடமும் ஒரு வேதாகம அகராதியும் இருந்தால் போதும். பிறகு 20 நிமிடம் வயதுவாரியாகப் பிரிந்து பாடம் அமைப்பது. 10 நிமிடம் வராத பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பேசுவது, யார் போய்ப் பார்ப்பது என்று தீர்மானிப்பது. மிச்சம் ஐந்து நிமிடம் ஜெபம்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு விழுந்து கிடந்தவரைத் தூக்கி, காயம் கட்டி, கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனது போதும். துணித்துண்டு ஒன்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னால் பாடம் முடிந்தது. எட்டு வயதில், அந்த வழியே வந்த கோயில் பணியாளர்களான ஆசாரியனும் லேவியனும் ஏன் விலகிப் போனார்கள் என்று கேட்கலாம். பயம், அவசரம், ‘நமக்கேன் வம்பு’ என்று பிள்ளைகளே சொல்வார்கள். பதின்மூன்று வயதில்தான் யூதர் சமாரியரோடு சம்பந்தங்கலவாதவர்கள் என்ற செய்தி உள்ளே வரவேண்டும். அது வந்தவுடன் அடுத்த கேள்வி தானாக வரும்: நம் ஊரில் யார் வீட்டில் நாம் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம்? இந்தக் கேள்வியை ஞாயிறு காலையில் ஒரு மாணவன் கேட்பதற்கு முன், சனிக்கிழமை மாலையே ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டிருக்க வேண்டும். அறை அமைதியாகிவிடும். நடத்துபவர் அந்த அமைதியை அவசரமாகப் பாட்டால் நிரப்பக் கூடாது. சீஷத்துவம் (இயேசுவைப் பின்பற்றி வாழ்வது) என்று பிரசங்கங்களில் பெரிதாகப் பேசப்படுவது நடைமுறையில் பெரும்பாலும் இப்படிப்பட்ட அரை மணி நேரங்களில்தான் நடக்கிறது. ஜாதியைத் தொடாமல் சமாரியன் கதையை முடித்துவிடும் வகுப்புகள் நம்மிடம் ஏராளம். பாடப்புத்தகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, சனிக்கிழமை அதைப் பேசாமல் விட்டதுதான் முதல் காரணம்.

கூடுகை கெட்டுப்போகும் வழிகளும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே. ஐயர், அதாவது சபை குரு, வந்து 75 நிமிடமும் பிரசங்கம் செய்துவிடுவது ஒன்று. நவம்பர் கடைசியில் வீடுவீடாகப் பாடிப் போகும் கீத பவனியும் கிறிஸ்மஸ் நாடகமும் வந்து நேரத்தை முழுதாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. டிசம்பரில் நின்ற கூடுகை ஜனவரியில் தானாகத் தொடங்காது. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை என்று நவம்பரிலேயே அறிவிப்பில் வாசித்துவிடுவதுதான் அதற்கு மருந்து. ஒரு சேகரத்தில் ஐந்தாறு சபைகள் இருந்தால் சேகர குரு ஒவ்வொரு சனிக்கிழமையும் வர முடியாது; அவருக்குக் கல்யாணம், அடக்க ஆராதனை, கமிட்டி எல்லாம் இருக்கும். சில ஆண்டுகளில் மாறுதலாகியும் போய்விடுவார். ஆகவே நடத்துபவர் சபைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஐயர் மாதம் ஒருமுறை வந்து கடினமான பகுதியை விளக்கினால் நல்லது. வருகைப் பதிவேடும் பாட அட்டவணையும் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர் கையில் இருக்க வேண்டும், குருமனையில் இருக்கக் கூடாது.

ஞாயிறு வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு மணி நேரம் என்று அறிவித்தாலும் கையில் கிடைப்பது 50 நிமிடம். வருகைப் பதிவுக்கு ஐந்து, பாட்டுக்கு எட்டு, மனப்பாட வசனத்துக்கு ஏழு, பாடத்துக்குப் பதினைந்து, செய்முறைக்குப் பத்து, காணிக்கைக்கும் ஜெபத்துக்கும் ஐந்து. பாட்டு இருபது நிமிடம் ஆகிவிட்டால் குறைவது எப்போதும் பாடம்தான். பாட்டு நடத்துபவரும் பாடம் சொல்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் இடங்களில் இது வாராவாரம் நடக்கும். ஒரு வகுப்புக்கு எட்டு முதல் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இரண்டாவது ஆள் ஒருவர் வராத நாளுக்கு உதவுவார், ஆனால் அதைவிட முக்கியமான காரணம் உண்டு: எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனித்து ஒரு மூடிய அறையில் இருக்கக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லி, கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். ‘நம் சபையில் அப்படியெல்லாம் இல்லை’ என்று சொல்லி இதைத் தள்ளிப்போடுபவர்கள் எல்லாக் கமிட்டியிலும் ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வசனத்தை ஆண்டுக்கு 52 என்று வைத்தால் ஒன்றும் நிற்காது. 24 போதும், இரண்டு வாரத்துக்கு ஒன்று. கரும்பலகையில் எழுதி, சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையாக அழித்துக்கொண்டே போனால் ஆறு வயதுப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் அடுத்த வாரமும், மாதக் கடைசியிலும், இரண்டு மாதம் கழித்தும் திரும்பக் கேட்காவிட்டால் போய்விடும். பரிசுக்காக ஒரே நாளில் நாற்பது வசனம் ஒப்பித்த பிள்ளை மறுமாதம் நான்கு சொல்லத் திணறும்.

பாடத் தேர்விலும் ஒரு பழக்கம் உண்டு. தாவீதும் கோலியாத்தும், தானியேலும் சிங்கக் கெபியும் ஆண்டுதோறும் வரும். பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை கோலியாத்தைப் பலமுறை வீழ்த்தியிருக்கும், ஆமோஸ் தீர்க்கதரிசி யாரென்று கேட்டால் தெரியாது. மூன்று ஆண்டுச் சுற்று ஒன்றைப் பெரிய தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் எது விடுபடுகிறது என்று ஆசிரியர் கண்ணுக்கே தெரியும். இன்னொன்று: எந்தக் கதையானாலும் ‘ஆகவே பிள்ளைகளே, நாமும் கீழ்ப்படிய வேண்டும்’ என்றே முடிப்பது. கதை கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்டால் இந்தத் தடத்திலிருந்து வெளியே வரலாம்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் கூட்டம் நன்றாக வரும், சபைக்கு வெளியே உள்ள பிள்ளைகளும் வருவார்கள். நடத்துபவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த கல்லூரி மாணவர்கள். ஜூனில் திரும்பிப் போய்விடுவார்கள். நிறைவு விழா முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பெயர்ப் பட்டியலோடு வீடுகளுக்குப் போகாவிட்டால், அடுத்த மே வரை அந்தப் பிள்ளைகளைப் பார்க்க முடியாது.

பெரிய ஓட்டை திடப்படுத்தலுக்குப் பிறகு விழுகிறது. பேராயர் வரும் தேதி தெரிந்த பின் இரண்டு வாரத்தில் அவசரமாக வினா-விடை ஒப்பிக்கவைத்து, வெள்ளை உடை, புகைப்படம், விருந்து என்று முடித்தால், அந்தப் பிள்ளைகள் அதைச் சபைக் கல்வியின் கடைசித் தேர்வாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வகுப்புக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும், வாரம் ஒன்றரை மணி நேரம். விசுவாசப் பிரமாணத்துக்கு மூன்று வாரம், பத்துக் கட்டளைகளுக்கு இரண்டு, கர்த்தருடைய ஜெபத்துக்கு இரண்டு, ஞானஸ்நானத்துக்கும் நற்கருணைக்கும் இரண்டு, சபை வரலாறும் தங்கள் சபையின் வரலாறும் ஒன்று, பணமும் வேலையும் ஒன்று, வீட்டை விட்டு வரமுடியாத ஒரு முதியவரைப் போய்ப் பார்ப்பது ஒன்று. ஜூலையில் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம். ஜனவரியில் தொடங்கினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தாலும் மனம் பொதுத்தேர்வில் இருக்கும்.

திடப்படுத்தல் முடிந்த ஒவ்வொருவருக்கும் உறவினர் அல்லாத ஒரு மூத்தவரைத் துணையாக்கி, ஓர் ஆண்டுக்கு மாதம் ஒருமுறை சந்திக்கச் செய்வது எளிய ஏற்பாடு, செலவும் இல்லை. சும்மா பேசிக்கொண்டிருங்கள் என்றால் இரண்டாம் மாதமே நின்றுபோகும். ஆகவே கையில் வேலை கொடுக்க வேண்டும்: ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது, காணிக்கை எண்ணுபவரோடு உட்காருவது, வீட்டு நற்கருணைக்கு உடன் போவது.

பெரியவர்களை வகுப்புக்கு வா என்று பொதுவாக அழைத்தால் எப்போதும் வருபவர்களே வருவார்கள். ஆனால் மற்றவர்களும் தாமாக ஐயரைத் தேடி வரும் நேரங்கள் இருக்கின்றன. திருமண ஓலை (ஆராதனையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கப் பெயர் கொடுக்கும்போது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்கும்போது, வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு. ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோரோடும் ஞானப்பெற்றோரோடும் இரண்டு மாலை உட்கார்ந்தால், இருபது ஆண்டுப் பிரசங்கத்தில் கேட்காத கேள்விகளை அவர்கள் கேட்பார்கள். வரதட்சணையைப் பற்றிய பாடத்தை வாலிபர் கூட்டத்தில் வைப்பது வழக்கம். பேரம் பேசுவது பெற்றோர் என்பதால் அதை ஐம்பது வயதுக்காரர்கள் கூடும் இடத்தில் வைக்க வேண்டும். லஞ்சம், கடன், குடி ஆகியவையும் அப்படியே. ஆராதனை முடிந்தவுடன் 35 நிமிடம், ஒரு வேதப்பகுதி, ஒரு கேள்வி. சாப்பாட்டு நேரத்தைத் தொட்டால் அடுத்த வாரம் பாதிப்பேர் இல்லை.

சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன இளையவர்களுக்கு வாட்ஸ்அப் குழு உதவும், நடத்துபவர் மட்டுமே பதிவிடும்படி வைத்தால். நான்கு நிமிடக் குரல்பதிவு, முடிவில் ஒரு கேள்வி, பதிலைத் தனியாக அனுப்பச் சொல்வது. எல்லோரும் பதிவிடலாம் என்று திறந்துவிட்டால் காலை வணக்கப் படங்களில் பாடம் மறைந்துவிடும்.

முதியவர்களை நாம் பெரும்பாலும் ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் மட்டும் நினைக்கிறோம். கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்து வேதாகமம், இல்லையென்றால் ஒலி வேதாகமம் ஏற்றிய கைப்பேசி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் பலருக்குக் கீர்த்தனைகள் வழியே வேதக் கதைகள் நன்றாகத் தெரியும். கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார் காலம் முதல் நம்மிடம் பாட்டுதான் பெரிய பாடப்புத்தகம். அவர்களைப் பிள்ளைகள் வகுப்புக்கு மாதம் ஒருமுறை அழைத்து ஒரு கீர்த்தனையைப் பாடி விளக்கச் சொல்லலாம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அவர்களே களைத்துவிடுவார்கள்.

புது ஆசிரியர்களைச் சேர்ப்பதில் அவசரம் கூடாது. திடப்படுத்தல் முடிந்த பதினேழு வயதுப் பிள்ளையை ஆள் குறைவு என்று நேராக வகுப்பில் நிறுத்தினால் ஆறு மாதத்தில் ஓடிவிடும். முதல் ஆண்டு வருகைப் பதிவும் மனப்பாட வசனமும் மட்டும், ஆனால் சனிக்கிழமைக் கூடுகை கட்டாயம். இரண்டாம் ஆண்டு மாதம் ஒரு பாடம், மூத்த ஆசிரியர் பின்வரிசையில் இருக்க. மூன்றாம் ஆண்டு வகுப்பு அவருடையது. குரல் தளர்ந்து வகுப்பை விடும் மூத்த ஆசிரியருக்கு ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைக் கூடுகையின் முதல் 25 நிமிடத்தை அவரிடம் கொடுத்துவிடலாம். கமிட்டியில் பணம் கேட்பதானால், பரிசுக்கு ஒதுக்கியதில் பாதியை ஆசிரியர் புத்தகங்களுக்கும் சனிக்கிழமை டீக்கும் மாற்றிக் கேட்க வேண்டும். புத்தகத்துக்கு எளிதில் ஒத்துக்கொள்வார்கள், டீக்குத்தான் வாதாட வேண்டியிருக்கும்.