அஸ், தெம்: கானாடுகாத்தான் வீட்டைக் காட்டிப் பழகிய பதினான்கு நாள் குறிப்பு

ஆங்கிலத்தில் டு, வித், ஆஃப் போன்ற பிரெப்பொசிஷன்களுக்குப் பின்னால் அஸ், தெம் சரியாக வரப் பழகுகிற பயிற்சி இது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை வெளியூர் விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவதாக வைத்துக்கொண்டு தினம் பத்து வாக்கியம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் தமிழ், பேசுகிற மாதிரியே, வலப்பக்கம் ஆங்கிலம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எங்களுக்கு, நம்மகிட்ட, உங்களோட, அவுகள்ல என்று உருபு ஏறிய பன்மைச் சொல் ஒன்று கட்டாயம். எழுதி முடித்ததும் வாய்விட்டு மூன்று முறை.

முதல் இரண்டு நாள் வெறும் அட்டவணை. வீ என்பது பிரெப்பொசிஷனுக்குப் பின்னால் அஸ் ஆகும், தே என்பது தெம் ஆகும், யூ மாறாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தமிழை எதிரே எழுதினால்தான் சிக்கல் எங்கே என்று தெரிகிறது. நாங்கள் ‘எங்கள்’ ஆகி உருபு ஏற்கும், நாம் ‘நம்’ ஆகும், நீங்கள் ‘உங்கள்’ ஆகும். அவர்கள் மட்டும் உருமாறாமல் அப்படியே உருபு ஏற்கும்: அவர்களுக்கு, அவர்களோடு. ஆங்கிலத்தில் இது தலைகீழ். தமிழில் மாறுகிற ‘நீங்கள்’ அங்கே மாறாது. தமிழில் மாறாத ‘அவர்கள்’ அங்கே மாறும். தெம் வரவேண்டிய இடத்தில் தே நழுவி விழ இதுவும் ஒரு காரணம்.

‘வித் தே’ என்று தனியாக யாரும் சொல்வதில்லை, காதே உறுத்தும். நடுவில் ‘அண்ட்’ புகுந்தால்தான் வழுக்குகிறது. ‘தே கேவ் ரூம்ஸ் டு மை பேரன்ட்ஸ் அண்ட் வீ’ என்று எழுதிவிட்டால் ‘மை பேரன்ட்ஸ் அண்ட்’ என்பதை விரலால் மறைத்துப் படிக்கவேண்டும். ‘டு வீ’ என்று மிஞ்சுகிறது. தப்பு உடனே தெரியும். ‘ஃபார் வீ கைட்ஸ்’ என்பதற்கும் அதே வைத்தியம்: ‘கைட்ஸ்’ஸை மறைத்தால் ‘ஃபார் அஸ்’தான் நிற்கும்.

விரல் வைத்தியம் பலிக்காத இடம் பிட்வீன். ஒருவரை மறைத்தால் ‘பிட்வீன் மீ’ என்று பொருளில்லாமல் நிற்கிறது. அங்கே மறைக்காமல் மாற்றவேண்டும்: நீயும் நானும் என்பதை நாம் என்று சுருக்கு. ‘பிட்வீன் அஸ்’ வருமே தவிர ‘பிட்வீன் வீ’ வராது. ஆகவே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’. ‘யூ அண்ட் ஐ’ என்று சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துச் சொல்கிறவர்கள் நிறைய. ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் இதில் தவறுகிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

நான்காம் நாள் ஆச்சி வந்தார். ‘ஆச்சி உள்ள இருக்காக, அவுககிட்ட கேட்டுக்கங்க.’ இதை ‘ஆஸ்க் தெம்’ என்று எழுதினால் விருந்தாளி உள்ளே நாலு பேரைத் தேடுவார். அவுக என்பது நமக்கு மரியாதைப் பன்மை. ஆங்கிலத்தில் தெரிந்த ஒரு பெண் ‘ஹெர்’தான். அதற்கு மரியாதைக் குறைவு இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு நாள் பிடிக்கும். ஆள் யாரென்றே தெரியாதபோது மட்டும் ஒருவருக்கும் தெம் வரும்: யாரோ குடையை விட்டுப் போயிருந்தால் ‘கிவ் இட் டு தெம்’.

பொருள்களுக்கு நேர் எதிர் தவறு. பேச்சில் ‘அவற்றில்’ என்று யார் சொல்கிறோம்? பத்து இருந்தாலும் ‘அதுல’தான். ஆத்தங்குடி தரைக்கல் செய்வதைச் சொல்லிப் பார்த்தால் இது பிடிபடும். கண்ணாடித் தட்டின்மேல் பூ அச்சை வைத்து, அதுல வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஓர் அச்சைக் காட்டிச் சொன்னால் ‘இன்டு இட்’. வரிசையாக அடுக்கியிருக்கும் அச்சுகளைக் காட்டினால் ‘இன்டு தெம்’. ‘விரிசல் விட்ட கல்’லில் தமிழுக்குப் பிரதிப்பெயரே தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘டைல்ஸ் வித் க்ராக்ஸ் இன் தெம்’. கடைசி இரண்டு சொல்லையும் நம் கை தானாக விட்டுவிடும்.

ஆறு முதல் ஒன்பது வரை முழுக்க ‘ஆஃப்’. நிதானமாகச் செய்யவேண்டிய பகுதி இதுதான்.

‘டூ ஆஃப் தெம்’ என்றால் அவர்களில் இரண்டு பேர், கூட்டம் பெரியது. ‘த டூ ஆஃப் தெம்’ என்றால் அவர்கள் இருவரும், மூன்றாமவர் கிடையாது. ஒரு ‘த’ ஆளையே கூட்டிக் குறைக்கிறது. ‘ஆல் வீ’, ‘ஆல் ஆஃப் வீ’ இரண்டும் கிடையாது. ‘வீ ஆல்’ அல்லது ‘ஆல் ஆஃப் அஸ்’.

முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், போனால் சுவரில் வரிசையாகப் படங்கள். ‘எ ஃபோட்டோ ஆஃப் தெம்’ என்றால் படத்தில் இருப்பவர்கள் அவர்கள். ‘எ ஃபோட்டோ ஆஃப் தெயர்ஸ்’ என்றால் படம் அவர்களுக்குச் சொந்தம், உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். தமிழில் ‘அவுக படம்’ இரண்டுக்கும் பொது. அதேபோல் ‘எங்க சொந்தக்காரர் ஒருத்தர்’ என்பது ‘எ ரிலேட்டிவ் ஆஃப் அவர்ஸ்’. ‘ஆஃப் அஸ்’ அல்ல. இந்த ‘அவர்ஸ்’ தமிழ் எழுத்தில் நம் ‘அவர்’ மாதிரி நிற்பதால், நோட்டில் அடிக்கோடு போட்டுவைப்பது நல்லது.

‘மூணு பிள்ளைக, அதுல ரெண்டு பேரு பர்மாவுல இருந்தாக’ என்பதை ‘த்ரீ சன்ஸ், டூ ஆஃப் தெம் வேர் இன் பர்மா’ என்று காற்புள்ளியால் ஒட்டக்கூடாது. ஒட்டவேண்டுமானால் ‘டூ ஆஃப் ஹூம்’. தெம் வேண்டுமானால் முற்றுப்புள்ளி வைத்துப் புதிதாகத் தொடங்கவேண்டும்.

பத்தாம் நாள் பங்காளிகள். ‘வீட்டைத் தங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்டாக’ என்றால் ‘அமங் தெம்செல்வ்ஸ்’. ‘பெட்டியைக் கையோட கொண்டு வந்தாக’ என்பதில் தங்கள் என்ற எண்ணம் இருந்தாலும் ‘வித் தெம்’ போதும். ‘வித் தெம்செல்வ்ஸ்’ என்று எழுதினால் செயற்கை.

வந்தவர்களுக்கு, சாப்பிட்டவர்களோடு என்ற வினையாலணையும் பெயர்கள் வரும்போது ‘ஃபார் தெம் ஹூ கேம்’ என்று கை போகும். அங்கே ‘தோஸ் ஹூ’தான். ‘சாப்பிட்ட பிறகு’ வேறு கதை: ‘ஆஃப்டர்’ பின்னால் முழு வினையோடு வந்தால் ‘ஆஃப்டர் வீ ஏட்’, வினை இல்லாமல் ஆள் மட்டும் வந்தால் ‘ஆஃப்டர் அஸ்’.

பன்னிரண்டாம் நாள் உருபைப் பார்த்துப் பிரெப்பொசிஷன் போடுகிற பழக்கத்தை உடைக்க ஒதுக்கியது. ‘அவுககிட்ட சொன்னேன்’ என்பதில் கிட்ட இருக்கிறதே என்று ‘டோல்ட் டு தெம்’ எழுதினால் தவறு, ‘டோல்ட் தெம்’ போதும். ‘எங்களுக்கு விளக்குனாக’ என்பதில் மாறாக ‘எக்ஸ்ப்ளெய்ன்ட் டு அஸ்’; டு இல்லாமல் நிற்காது. விதி தேடிப் பயனில்லை, வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யவேண்டும். டெல், ஆஸ்க் ஒரு பக்கம். சே, எக்ஸ்ப்ளெய்ன் மறுபக்கம்.

இன்னொன்று, விளக்குகள். ‘சுவிட்ச் ஆஃப் தெம்’ என்று எல்லோரும் சொல்கிறோம். இந்த ஆஃப் முன்பு பார்த்த ஆஃப் அல்ல, இரண்டு எஃப் போட்ட வேறு சொல். இங்கே அது பிரெப்பொசிஷன் அல்ல, வினையின் வால். வாலுக்கும் வினைக்கும் நடுவில்தான் தெம் உட்காரும்: ‘சுவிட்ச் தெம் ஆஃப்’, ‘பிக் தெம் அப்’. ‘லுக் ஆஃப்டர் தெம்’, ‘வெயிட் ஃபார் தெம்’ என்பவற்றில் உண்மையான பிரெப்பொசிஷன் இருப்பதால் தெம் பின்னால்தான்.

கடைசி நாளில் திசையைத் திருப்பி, வலப்பக்கத்தை மூடாமல் இடப்பக்கத்தை மூடி, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. இங்கே நம் மொழி கேட்கிற கேள்வியை ஆங்கிலம் கேட்பதே இல்லை. ‘கம் வித் அஸ்’ என்றால் எங்களோட வாங்க. கேட்கிறவர் அந்த அஸ்ஸுக்குள் இன்னும் இல்லை. எதிரில் இருப்பவரிடம் ‘லெட் இட் ஸ்டே பிட்வீன் அஸ்’ என்றால் நமக்குள்ள இருக்கட்டும், அவரும் உள்ளே. ‘திஸ் ஹவுஸ் வாஸ் லெஃப்ட் டு அஸ்’ என்பதை விருந்தாளியிடம் சொன்னால் எங்களுக்கு, பங்காளியிடம் சொன்னால் நமக்கு. பத்து வாக்கியத்திலும் ஓரத்தில் ‘யாரிடம்?’ என்று எழுதிவிட்டுத்தான் மொழிபெயர்க்க முடிந்தது.