குதிகால் தசைநாணுக்கு ஓய்வு மட்டும் போதாது

ஓட்டக்காரர்களை மாதக்கணக்கில் முடக்கிப்போடும் குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) வலிக்கு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பதற்கு முன், முறையான பயிற்சிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும். ஆனால் சுமையே காணாத தசைநாண் மேலும் வலுவிழப்பதால், மைதானத்துக்குத் திரும்பியதும் அதே வலி மீண்டும் தலைதூக்கும்.

சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனும் அவரது குழுவினரும் 1998-இல் வெளியிட்ட பயிற்சிமுறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் உடலை உயர்த்தி, எடையை வலியுள்ள காலுக்கு மாற்றிக்கொண்டு, குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெல்ல மெல்ல இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 முறை வீதம் 3 சுற்று, சற்று மடக்கியபடி மேலும் 3 சுற்று, நாளுக்கு இருவேளை, 12 வாரங்கள். பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்புதான். அதற்கு அஞ்சிப் பலர் பாதியிலேயே விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மறுநாள் காலையில் விறைப்பு கூடியிருந்தால் மட்டும் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தசைநாண் எலும்போடு சேரும் இடத்திலேயே வலி இருந்தால், குதிகாலைக் கீழே இறக்குவது அந்த இடத்தை அழுத்தும் என்பதால், சமதளத்தில் நின்றே செய்ய வேண்டும். யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் திடீரென வலித்து, நுனிக்காலில் நிற்கவே முடியாமல் போனால், அது தசைநாண் அறுந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். பயிற்சி எதையும் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.