அப்பா பெயரில் கிடைத்த மைக்

இதழியல் முடித்து வேலை தேடும் அக்கா மகள் இன்று காலை போனில் ஒரு பழைய செய்தியைக் காட்டினாள்.

2011இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி, ஜனநாயகக் கட்சியின் முன்னாள் அதிபர் பில் கிளின்டனின் மகள் செல்சி கிளின்டனைச் சிறப்புச் செய்தியாளராகச் சேர்த்தது. சம்பளம் ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் என்று 2014இல் பொலிட்டிகோ என்ற அமெரிக்க அரசியல் செய்தித்தளம் எழுதியது.

அந்த எண்ணிலேயே அவள் விரல் நின்றது.

"இந்தச் சம்பளத்துல எத்தனை நிருபர்களை வேலைக்கு வைக்கலாம் சித்தி?"

கட்சி பேதமும் இதில் இல்லை. அதே என்பிசி 2009லேயே குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் மகள் ஜென்னாவை எடுத்திருந்தது.

இவர்களுக்குத் திறமையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாளே நாடு முழுக்கக் கேட்கும் மைக்கைத் தந்தது குடும்பப் பெயர்தான்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் உள்ளூர்ப் பத்திரிகைகள் நிருபர்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நகராட்சிக் கூட்டங்களில் வருடக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்த அவர்களிடம் யாரும் கருத்து கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.