அப்படியே இதையும் போட்டுருங்க சார்

வீடு கட்டித் தரும் தொழிலில் எனக்கு வயிற்றைக் கலக்கும் பேச்சு இதுதான். மாடியில் இன்னொரு ரூம் கேட்கிறவரைப் பற்றிக் கவலையே இல்லை. அது பெரிய வேலை என்று அவருக்கே தெரியும். பிளானைத் திருத்தி மறுபடி அனுமதி வாங்கணும் என்றால் உட்கார்ந்து பேசுவார். 'ஒரே ஒரு பாயிண்ட்தானே' என்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கணும்.

ஃபேனை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்கிறார். சென்ட்ரிங் மேல், அதாவது கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் பலகை மேல், கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டால் ஃபேன் பாக்ஸை நகர்த்தி வயர் போகிற பைப்பை நீட்டிவிடலாம். தளம் போட்ட பிறகு கேட்டால் பைப் கான்கிரீட்டுக்குள். குடைந்தால் கம்பியில் போய் இடிக்கும், அதற்கு நான் விடமாட்டேன். வெளியே தெரிகிற மாதிரி பைப் ஓட்டணும், இல்லையென்றால் ஃபால்ஸ் சீலிங்.

மாடி பாத்ரூம் இன்னும் மோசம். கழிவுநீர்க் குழாய் ஓடுவதற்காக அந்த இடத்தில் தளத்தையே இறக்கிப் போடுவோம். சங்கன் ஸ்லாப் என்போம். சமமாகப் போட்ட தளத்தில் பிறகு பாத்ரூம் கேட்டால், படி ஏறித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அல்லது கீழ் ரூமில் தலைக்கு மேல் குழாய் தொங்கும்.

இதெல்லாம் என்னிடம் வருவதே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஓனர் காலையில் வருவார், எல்லாருக்கும் டீ சொல்வார், 'மேஸ்திரி, இங்க ரெண்டு ஷெல்ஃப்' என்பார். மேஸ்திரிக்கு நாள் கூலி, அவர் ஏன் மறுக்கப்போகிறார்? நான் ஒத்துக்கொண்டதோ சதுர அடி ரேட்டுக்கு. கல்லும் சிமென்ட்டும் என் கணக்கு.

அதனால் மேஸ்திரி சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.' அன்று சாயங்காலமே ஓனருக்கு வாட்ஸ்அப் போய்விடும்: 'பூஜை ரூம், கடப்பா கல் ஷெல்ஃப் 2, பூச்சு சேர்த்து ரூ.6,500. வேலை 2 நாள் தள்ளும். சரியா?' அவர் சரி என்று போட்ட பிறகுதான் கல் இறங்கும். தொகையைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு ஷெல்ஃப் ஆசையே போய்விடும். 'டைல்ஸை நானே வாங்கிக்கிறேன்' என்று ஓனர் சொன்னால் கழிக்க வேண்டிய தொகையையும் இதே மாதிரி அனுப்பிவிடுவேன்.

காசு வாங்காமல் செய்கிறதும் உண்டு. சுவிட்ச் போர்டைக் கொஞ்சம் இறக்குவது, தோட்டத்துக்கு ஒரு குழாய். அதற்கும் மெசேஜ் போகும், 'ரூ.0' என்று. கடைசி பில்லில் 'எவ்வளவு குறைப்பீங்க' என்று கேட்கும்போது, அந்த மெசேஜ்களைத்தான் மேலே தள்ளிக் காட்டுவேன்.