வாடலா, அழுகலா

குடைமிளகாய் அடைக்கும் பிளாஸ்டிக் பையில் துளைகளைக் குறைக்கச் சொன்னது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். சோதனையும் அதைத்தான் காட்டியது. எடை இழப்பு குறைந்தது, காயின் விறைப்பு நிலைத்தது, அழுகல் மட்டும் கொஞ்சம் கூடியது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வீணாகும் குடைமிளகாய் முன்பைவிடக் குறைவு. இப்படித் தெளிவான விடை எங்கள் வேலையில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனாலும் அன்று பேக்கிங் வரிசையை மேற்பார்க்கும் அக்காவுக்கும் எனக்கும் நடந்த சின்னப் பேச்சு என்னை விடுவதாக இல்லை.

அவர் புதிய பையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "வாடின காய் எங்கள் கண்ணில் பட்டுவிடும் தம்பி. அழுகப்போகிற காய் யார் கண்ணில் படும்?" என்றார்.

"மொத்தத்தில் சேதம் குறைகிறது அக்கா, கணக்கைப் பாருங்கள்" என்று தாளை நீட்டினேன்.

வாங்கி நிதானமாகப் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விட்டார். பை மாறியது.

அவர் ஒப்புக்கொண்டாரா, இவனிடம் இதற்குமேல் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் என் கையில் எண்கள் இருந்தன. எண்கள் கையில் இருக்கும்போது எதிரே நிற்பவரின் கேள்வியைத் தடை என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பறித்த காய்க்கு உயிர் இருக்கிறது. சுவாசிக்கிறது, வெப்பம் விடுகிறது, நீரை இழந்துகொண்டே இருக்கிறது. இழந்ததை ஈடுகட்ட வேர் கிடையாது. குடைமிளகாயின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர்தான். மேல்தோலின் மெழுகு ஓரளவு தடுத்தாலும், காம்பின் வழியாகவும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பச்சைப் புல்லியின் வழியாகவும் நீராவி போய்க்கொண்டே இருக்கும். பல காய்கறிகளில் எடையில் 5 விழுக்காடு அளவுக்கு நீர் போனாலே தோல் சுருங்குவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1983ஆம் ஆண்டு இஸ்ரேலின் வொல்கானி வேளாண் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பென்-யெஹோஷுவாவும் அவருடைய சகாக்களும் எலுமிச்சையையும் குடைமிளகாயையும் பிளாஸ்டிக் தாளில் மூடி வைத்து ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள்: தாள் காயைக் காப்பது முக்கியமாக அதன் நீர் நெருக்கடியைத் தணிப்பதால்தான். நீர் குறையும்போது காய் சுருங்குவதோடு நிற்பதில்லை, மூப்பும் விரைவாகிறது. ஆக, துளையைக் குறைத்து ஈரத்தைக் காயிடமே தங்கவிட்டது என் பிடிவாதம் அல்ல. குடைமிளகாயின் சுவாசம் மந்தமானது. ஆகவே அதன் பையில் துளைகளுக்கு முதல் வேலை சுவாசத்துக்குக் காற்று விடுவதைவிட ஈரத்தை வெளியே விடுவதுதான்.

எதிர்ப்பக்கமும் எனக்குத் தெரிந்ததே. தெரிந்திருந்தும் அக்கா கேட்டபோது அதைச் சொல்லவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

மூடிய பைக்குள் ஈரப்பதம் விரைவிலேயே உச்சத்துக்குப் போய்விடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று அதிகபட்சம் 17 மில்லிகிராம் அளவு நீராவியைத் தாங்கும். 8 டிகிரியில் 8 மில்லிகிராம்தான். அரைக் கிலோ காய் தன் எடையில் ஒரே ஒரு விழுக்காட்டை விட்டால்கூட அது 5 கிராம் தண்ணீர். அத்தனையும் அந்தக் காற்றில் எங்கே போய் நிற்கும்? 20 டிகிரியில் ஈரப்பதம் 95 விழுக்காடாக இருக்கும் காற்று ஒரு டிகிரிகூட முழுதாகக் குளிர வேண்டியதில்லை, அதற்குள் துளி கட்டிவிடும். குளிர் அறைக் கதவு திறந்து மூடுவதும், வண்டியில் ஏற்றும் இடத்தில் பெட்டி காத்திருப்பதும் போதும். காய் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பையில் போட்டால், முதலில் குளிர்வது மேலே உள்ள தாள். காயிலிருந்து கிளம்பிய ஆவி தாளின் உட்புறத்தில் நீராக வழியும்.

அந்த நீர் போய்ச் சேரும் இடத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. குடைமிளகாயின் தலைப்பக்கம் காம்பைச் சுற்றிக் குழிந்திருக்கும். துளி அங்கே உட்கார்ந்தால் காய்வதற்கு வழியில்லை. முதலில் காம்பின் வெட்டுவாய் பழுப்பாகும், பிறகு கொழகொழக்கும், பிறகு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூஞ்சணம் ஏறும். அந்த நேரத்திலும் காயின் வயிற்றுப்பகுதி பளபளவென்று விறைப்பாகவே இருக்கும். கட்டைவிரலால் காம்பை லேசாகத் தள்ளினால்தான் அது அசைவது தெரியும். பையை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

பூஞ்சணத்தின் வித்துகள் வயலிலிருந்தே கூட வருபவை. அவை முளைக்கத் தேவைப்படுவது ஈரம் படிந்த பரப்பில் சில மணி நேரம் மட்டுமே. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் பையின் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது பனிபடியாத ஆன்டிஃபாக் தாள். அதன் பரப்பில் இருக்கும் பொருள் துளிகளை உருண்டு நிற்கவிடாமல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரத்திவிடும். பை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். துளி சொட்டிக் காம்புக் குழியில் விழுவது குறையும் என்பது உண்மை. நான் அதை முன்வைத்துத்தான் வாதாடினேன், இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் பைக்குள் இருக்கும் தண்ணீரின் அளவை அந்தத் தாள் மாற்றுவதில்லை. பனி படிந்த பையை வாங்குபவர் ஒதுக்குவார். தெளிந்த பையை எடுப்பார். முன்பு ஈரம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் இல்லை. அக்கா பையை விளக்குக்கு எதிரே பிடித்தது இதைத் தேடித்தானோ என்று பிற்பாடு தோன்றியது. அவருக்கு ஆன்டிஃபாக் பற்றி யாரும் விளக்கியிருக்கவில்லை, நான் உட்பட.

அப்படியானால் ஈரத்தை உறிஞ்சும் வழி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. 1995ஆம் ஆண்டில் அதே வொல்கானி மையத்தில் குடைமிளகாய்ப் பைக்குள் சாதாரண உப்பை வைத்து ஈரப்பதத்தைச் சற்று இறக்கி, அழுகலைக் குறைத்துக் காட்டினார்கள். சுற்றியுள்ள ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை இழுக்கத் தொடங்கும். அதுதான் அதன் குணம். சார்பிட்டால், களிமண் வகைகள் என்று வேறு பொருள்களும் உண்டு. பாலித்தீனைவிடப் பல மடங்கு எளிதாக நீராவியைக் கடத்தும் நைலான், செல்லோபேன் போன்ற தாள்களும் உண்டு. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன்: பைக்குள் இருக்கும் ஈரம் வெளியிலிருந்து வந்ததல்ல. காயுடையது. உப்பு உறிஞ்சினாலும், தாள் கடத்தினாலும், துளை வழியே போனாலும் போவது காயின் தண்ணீரே. வாடலையும் அழுகலையும் ஒருசேர முற்றாக ஒழிக்கும் பையை நான் பார்த்ததில்லை. எதை எவ்வளவு அனுமதிப்பது என்று அளவு வைக்கும் பைகளையே பார்த்திருக்கிறேன்.

அந்த அளவை வைக்கும்போது இன்னொரு தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். சேதம் எங்கே வெளிப்பட வேண்டும் என்ற தீர்ப்பு. வாடல் சீக்கிரம் தெரியும், மெதுவாக வளரும். தரம் பிரிக்கும் மேசையிலோ விற்பனைத் தட்டிலோ கண்ணில் பட்டு ஒதுக்கப்படும். அந்த நட்டம் விவசாயிக்கும் விற்பவருக்கும். அழுகல் மறைந்திருந்து தாமதமாகக் கிளம்பும், வாங்கியவர் வீட்டில் பையைத் திறக்கும்போது தெரியும், நட்டம் அவருக்கு. என் அட்டவணையில் இரண்டும் "சேதம்" என்ற ஒரே கட்டத்துக்குள் கூட்டப்பட்டிருந்தன.

உலகக் கணக்கிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு, சில்லறை விற்பனைக்கு வருவதற்கு முன்பே இழக்கப்படும் உணவு ஏறத்தாழ 14 விழுக்காடு என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019ஆம் ஆண்டு மதிப்பிட்டது. விற்பனை நிலையம், உணவகம், வீடு ஆகியவற்றில் வீணாவது நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் 19 விழுக்காடு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணாவது. இரண்டும் வெவ்வேறு ஏடுகள். பையில் துளையைக் குறைத்தால் முதல் ஏட்டில் ஒரு வரி நன்றாகத் தெரியும். இரண்டாம் ஏட்டில் ஏறுவதை யாரும் அந்தப் பையோடு சேர்த்துப் படிக்கமாட்டார்கள். நான் எழுதிய பரிந்துரையிலும் முதல் ஏடுதான் இருந்தது. எனக்குக் கிடைத்த தரவு அதுவரைதான் நீண்டது.

இதை எழுதும்போதே எனக்குள் மறுப்பு எழுகிறது. வாடிய காய் என்று ஒதுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி சமைத்தால் ஒரு குறையும் தெரியாத காய். தோல் சுருங்கிய ஒரே குற்றத்துக்காகக் கூடை கூடையாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். அந்தக் கூடைகள் குறைந்தன. அது சின்ன விஷயமா? இல்லை. ஆனால் அதே வாதம் திரும்பியும் பாயும்: வாடிய காய் இன்னும் உணவு, அழுகிய காய் உணவே அல்ல, பக்கத்துக் காயையும் சேர்த்துக் கெடுக்கும். ஒரு கிலோ வாடலும் ஒரு கிலோ அழுகலும் எடையில் மட்டுமே சமம். நான் அவற்றைச் சமமாக வைத்துக் கூட்டினேன் என்றால், வேறு எந்த விகிதத்தில் கூட்டுவது? அழுகலுக்கு இரட்டை எடை கொடுப்பதா, மூன்று மடங்கா? அந்த எண்ணை எந்தச் சோதனைக்கூடம் தரும்? யோசிக்க யோசிக்க அக்காவின் கேள்வி பொட்டலத் தொழில்நுட்பத்தின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேனோ என்ற ஐயமும் கூடவே வருகிறது.

உண்மையில் இந்தச் சிக்கலின் பாதி பையினுடையதே அல்ல. பறித்த காயின் வெப்பத்தை உடனே இறக்கி, ஏற்ற வெப்பநிலையில், குடைமிளகாய்க்கு 7 முதல் 10 டிகிரிக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல் கடைசிவரை வைத்திருந்தால் தாளில் துளி கட்டுவது பெருமளவு நின்றுவிடும். முன்குளிர்விப்பு வேண்டும் என்று அன்றைய கூட்டத்தில் நான் பேசினேன். பின்னால் பார்க்கலாம் என்றார்கள். பையை மாற்றுவது எளிது, குளிரைச் சீராக்குவது கடினம். அதனால் குளிர் அறை செய்ய வேண்டிய வேலை பையின் தலையில் விழுகிறது. எங்கள் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தே பை வடிவமைக்கிறோம். வடிவமைக்க மறுத்திருந்தால் பழைய பையே தொடர்ந்திருக்கும், கூடைகளும் தொடர்ந்திருக்கும்.

இப்போது செய்யும் சோதனைகளில் குளிர் அறையிலிருந்து எடுத்த பைகளை அப்படியே எடை போட்டு முடித்துவிடுவதில்லை. அறை வெப்பநிலையில் மேலும் சில நாட்கள் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, காம்பைத் தள்ளிப் பார்த்துப் பதிகிறோம். அந்த வேலைக்கு அக்காவைத்தான் கூப்பிடுகிறேன். என் விரலைவிட அவர் விரல் முந்திக் கண்டுபிடிக்கிறது. சொன்னால் நம்புவது கடினம், அந்தப் பதிவிலும் புதிய பையே சற்று முன்னால் நிற்கிறது. அக்காவிடம் காட்டினேன். "உங்கள் குளிர் அறை நன்றாக ஓடுகிறது தம்பி" என்றார்.

அதனால் அடுத்த சுற்றில் சில பெட்டிகளைக் குளிரிலிருந்து வெளியே எடுத்து, வண்டி காத்திருக்கும் நேரம்வரை வெளியிலேயே வைத்து, மீண்டும் உள்ளே வைக்கப்போகிறோம். எவ்வளவு நேரம் என்பதை அவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.