நாதஸ்வரத்தைக் காணவில்லை

வன்னிப் பக்கம் கோயில் பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும், பாட்டுத் தொடங்க முன்னம் கணீரென்று ஒரு குரல் வரும். கோயிலின் பெயர், திருவிழாக் காலம், அதற்குப் பிறகு ‘இப்பாடலை மனமுவந்து வெளியிடுபவர்கள்’ என்று ஒரு நீண்ட வரிசை. கனடாவில் இருப்பவர், சுவிஸில் இருப்பவர், பரிபாலன சபைத் தலைவர். பின்னால் நாதஸ்வரம் மெல்ல வாசித்துக்கொண்டிருக்கும். பாட்டு எழுதியவரின் பெயர் நேரமிருந்தால் வரும்.

விசுவமடுப் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கும் அப்படி ஒரு பாட்டு உண்டு. அதைச் செய்தவன் என்னோடு கீபோர்ட் வாசித்துத் திரிந்த தம்பி ஒருவன். செய்து கொடுத்துவிட்டு பிரான்சுக்குப் போய்விட்டான். அவனுடைய பைல்கள் என்னிடம் தங்கிவிட்டன. பைல் இருந்தால் பாட்டு இருக்கிறது என்று கோயில் சபை நம்பியிருந்தது.

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் சபை மாறியது. எப்படி மாறியது என்று எழுதினால் நான் அந்தப் பக்கம் கும்பிடப் போக ஏலாது, விடுவோம். மாறிய கையோடு புதிய செயலாளர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“தம்பி, உந்தப் பாட்டில பழைய தலைவரின்ர பேர் வருதெல்லே. அதை மட்டும் எடுத்துவிட வேணும். சின்ன வேலை.”

என் பின்னறை ஸ்ரூடியோவுக்கு வருகிற எல்லோரும் கொண்டுவருவது சின்ன வேலைதான். பெரிய வேலைகள் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும்.

எம்பி3இல் அந்தத் துண்டை வெட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐயாவும் கேட்டார். குரலும் நாதஸ்வரமும் ஒன்றாகக் கலந்த பிறகு பெயரை வெட்டினால் நாதஸ்வரமும் பாதியில் அறுந்துபோகும். குரலைத் தனியே பிரித்துத் தருகிற மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. ஒன்றில் போட்டுப் பார்த்தேன். அது நாதஸ்வரத்தையும் மனிதக் குரல் என்று நினைத்து இரண்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போனது. நாதஸ்வர வித்துவான்களுக்கு இது பெரிய பாராட்டு, எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆகவே அந்தத் தம்பியின் பழைய ப்ராஜெக்ட்டை ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்தேன். திறந்த உடனே ஒரு பெட்டி வந்தது. பின்வரும் எஃபெக்டுகளைக் காணவில்லை என்று கீழே ஒரு பட்டியல். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். பட்டியல் பெட்டிக்குள் அடங்கவில்லை, உருட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, எதற்கும் என்று ப்ளேயை அமத்தினேன். நாதஸ்வரம் இல்லை. வீணை இல்லை. எதிரொலி தருகிற ரிவேர்ப் இல்லாததால் அறிவிப்பாளர் எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பேசினார். அமைதியான அறையில், எந்த வாத்தியத்தின் இடைஞ்சலும் இல்லாமல், பழைய தலைவரின் பெயர் அப்பா பெயரோடு சேர்த்துத் துல்லியமாகக் கேட்டது.

“எடுக்கச் சொன்னதை விட்டிட்டு மற்றதெல்லாத்தையும் எடுத்துப்போட்டீரே” என்றார் ஐயா.

அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும். ப்ராஜெக்ட் பைலுக்குள் சத்தம் கிடையாது. ரெக்கோட் பண்ணிய குரலும் தபேலாவும் தனித் தனி பைல்களாகப் பக்கத்தில் இருக்கும். வீணை, நாதஸ்வரம் போன்றவற்றுக்கு எந்த இடத்தில் எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்து வாசிக்கிறது பிளகின் என்கிற துணை மென்பொருள். அது கொம்பியூட்டரில் இல்லையென்றால் குறிப்பு இருக்கும், வாசிக்க ஆள் இருக்காது. இதை மூன்று விதமாகச் சொல்லியும் ஐயாவின் முகம் மாறவில்லை. கடைசியில், “ஐயா, திருவிழா நோட்டீசில மேளக்காரரின்ர பேரெல்லாம் போட்டிருக்கு, ஆனா மேளக்காரர் வரேல்லை. அதுதான் நடந்தது” என்றேன்.

ஐயா கொஞ்சம் யோசித்தார். “ஏன் வரேல்லை? முற்பணம் குடுக்கேல்லையோ?”

அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

முதலில் ப்ராஜெக்ட்டை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். காணாமல் போன பிளகினின் செட்டிங்குகளை ரீப்பர் எறியாமல் வைத்திருக்கும், ஆனாலும் மூலத்தில் கை வைக்கக் கூடாது. ஆர்பிபி என்கிற ரீப்பரின் ப்ராஜெக்ட் பைல் வெறும் எழுத்துத்தான் என்பது இன்னொரு வசதி. நோட்பேடில் திறந்தால் எந்த ட்ராக்கில் எந்தப் பிளகின், அதன் டிஎல்எல் பைலின் பெயர் என்ன என்று எல்லாம் வாசிக்கலாம். இடையிடையே பக்கக் கணக்கில் புரியாத எழுத்துகள் வரும். அவைதான் செட்டிங்குகள். ஐயா அதைப் பார்த்து, “இது கிரந்தமோ?” என்றார்.

பெயர்களைச் சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு தேடத் தொடங்கினேன். சில பிளகின்கள் என்னிடமே இருந்தன. போல்டர்தான் வேறு. பிளகின் செய்கிற முறைக்கு விஎஸ்டி என்று பெயர். அதன் பழைய இரண்டாம் பதிப்புப் பிளகின்கள் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த இடத்தில் போய் இருக்கும், ஒன்றுக்கு ஒன்று முகவரி சொல்லாது. மூன்றாம் பதிப்பு வந்த பிறகுதான் எல்லாம் காமன் பைல்ஸுக்குள் ஒரே போல்டரில் இருக்கப் பழகின. ரீப்பரின் செட்டிங்கில் அந்தப் போல்டர்களையும் சேர்த்து, கேஷ் என்கிற பழைய பட்டியலை அழித்து மறுபடி ஸ்கேன் பண்ணினேன். ரிவேர்ப் வந்தது. 32 பிட் காலத்துப் பழைய ஈக்குவலைசர் ஒன்றும் வந்தது. 64 பிட் ரீப்பர் அந்த மாதிரிக் கிழடுகளையும் பாலம் போட்டு உள்ளே எடுத்துவிடும். எல்லா மென்பொருளும் அப்படி இரக்கம் காட்டாது.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துகிற கம்ப்ரெசர் ஒன்று வரவே இல்லை. நிறுவியிருக்கிறேன், லிஸ்டில் தெரிகிறது, ஆனாலும் காணவில்லை என்றே சொன்னது. கொப்பியில் எழுதியதைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. ப்ராஜெக்ட் கேட்பது இரண்டாம் பதிப்பு, என்னிடம் இருப்பது மூன்றாம் பதிப்பு. விஎஸ்டி என்ற முறையை ஜேர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996இல் கொண்டுவந்தது. மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது. 2018இல் இரண்டாம் பதிப்புக்கான உருவாக்கத் தொகுதியைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது பல பிளகின்கள் மூன்றில் மட்டும் வருகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள் அடையாள எண் வேறு. தயாரித்தவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தால் ஒழிய, ப்ராஜெக்ட் அதைச் சொந்தக்காரன் என்று ஒப்புக்கொள்ளாது. கையால் புதிதாகப் போட்டு, காதால் கேட்டுச் சரிக்கட்டினேன்.

வீணைக்கு வந்தது வேறு சிக்கல். பதிந்த ஒலித் துண்டுகளை வைத்து வாத்தியம் வாசிக்கிற சாம்ப்ளர் என்ற பிளகின் திறந்தது, ஆனால் அந்தத் துண்டுகள் இல்லை என்றது. அவை இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் எங்கே? வீடு முழுக்கப் புரட்டியும் இல்லை. சத்தத்துக்கு வந்த அம்மா, “அந்தக் கறுத்தப் பெட்டியோ? அது பையுக்க கிடக்கு” என்றா.

பை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறு, நகை அடகு வைத்த துண்டு எல்லாம் பொலித்தீனில் சுற்றி, எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருக்கிற பை. 2009 போய் இவ்வளவு காலமாகியும் அம்மா அதைப் பிரித்து அலுமாரியில் வைக்கவில்லை. “முக்கியமான சாமான் எண்டு நீதானே சொன்னனீ” என்றா. ஹார்ட் டிஸ்க் என் பிறப்புப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. கிளவுட் சேமிப்புக்கு மாதாமாதம் காசு கட்டுகிறவர்கள் அம்மாவோடு கதைத்துப் பார்க்கலாம்.

செருகியபோது அது ‘ஈ’ டிரைவ் என்று வந்தது. அந்தத் தம்பி வேலை செய்த காலத்தில் ‘ஜீ’. சாம்ப்ளர் இன்னும் ஜீயிலேயே தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் வழி காட்டுவதை விட, வின்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட்டில் டிரைவின் எழுத்தை ஜீ என்று மாற்றிவிட்டேன். வீணை அப்படியே வந்து இருந்தது. ஐயா கைதட்டினார். அன்றிலிருந்து அவர் பின்னேரங்களில் வந்து “இண்டைக்கு ஆர் வந்தது?” என்று கேட்டு, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

நாதஸ்வரம் மட்டும் வரவில்லை.

பிரான்சுக்கு எடுத்தேன். இங்கே இரவு பத்தரை என்றால் கோடையில் அங்கே மாலை ஏழு, ரெஸ்ரோரன்ட் சூடு பிடிக்கிற நேரம். கோப்பைச் சத்தத்துக்கு நடுவில் தம்பி சொன்னான்: “அண்ணை, அது ஒரு பெடியன் பென்ல தந்தவன். கிராக் பண்ணினது. பழைய போல்டருக்க பாருங்கோ.” பார்த்தேன், இருந்தது. கொப்பி பண்ணினேன். மூலையில் ஒரு அறிவித்தல் எழும்பியது, பைல் என் கண் முன்னாலேயே மறைந்தது. வின்டோஸின் பாதுகாப்பு மென்பொருள் அதை வைரஸ் என்று பிடித்துத் தனியறையில் போட்டுவிட்டது. வெளியே எடுக்க வழி இருக்கிறது. ஆனால் முகம் தெரியாத பெடியனின் பென் டிரைவை நம்பி, நான் காசு வாங்கி வேலை செய்கிற கொம்பியூட்டரைத் திறந்து கொடுக்க மாட்டேன். பிள்ளையாருக்குக் களவு நாதஸ்வரம் வாசித்தது போதும். முற்பணம் கொடுக்காத மேளம் என்று ஐயா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

சாம்ப்ளரில் இருந்த ஷெனாயைப் போட்டுப் பார்த்தேன். தம்பி கமகங்களை எல்லாம் கீபோர்டில் சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சில்லை உருட்டி வாசித்திருந்தான். பழைய நாதஸ்வரத்தில் அந்தச் சில்லு பன்னிரண்டு அரைச்சுரம் வரை இழுக்கும்படி வைத்திருந்திருக்கிறான். புதியதில் வழக்கமான இரண்டுதான். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறப் புறப்பட்ட கமகம் ரிஷபத்தைக்கூடத் தொடாமல் திரும்பி வந்தது. பன்னிரண்டாக்கினால் ஏறுகிறது, ஆனால் ஷெனாயின் ஒலித் துண்டு அவ்வளவு இழுவையைத் தாங்காமல் கீச்சிட்டது. ஐயா கேட்டுவிட்டு, “இதைப் போட்டா பிள்ளையார் எழும்பிப் போடுவார்” என்றார்.

இதற்கிடையில் ஐயா சந்தியில் கதைத்திருக்கிறார். ‘பிள்ளையாற்றை நாதஸ்வரத்தைக் காணேல்லையாம்’ என்ற பகுதி மட்டும் ஊருக்குள் போனது. கடையில் மா வாங்கப் போன இடத்தில் என்னை ஒருவர் மறித்து, பொலிசில் முறைப்பாடு போட்டாச்சா என்றார். இன்னொருவர் பழைய சபைதான் எடுத்திருக்கும் என்றார். மறுநாள் காலை ஊர் நாதஸ்வர வித்துவான் அண்ணை சைக்கிளில் வந்து நின்றார், முகமெல்லாம் கவலை.

“தம்பி, என்ர நாதஸ்வரம் வீட்டிலதானே கிடக்கு. எதைக் காணேல்லை?”

நான் பதில் சொல்லாமல் ஹெட்போனை எடுத்து அவர் காதில் வைத்து, பழைய எம்பி3யைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். மூடிய கண் சட்டென்று திறந்தது.

“இதை ஆர் வாசிச்சது? ஆள் மூச்சே விடேல்லையே!”

உண்மைதான். கீபோர்டில் விரல் வைத்தவனுக்கு மூச்சு எதற்கு? அறிவிப்பு முழுவதும் அந்த நாதஸ்வரம் ஒரு தடவைகூட மூச்சு எடுக்கவில்லை. அண்ணை அத்தோடு விடவில்லை. “மோகனத்தில இந்த மத்திமம் என்னத்துக்கு?” என்றார். இவ்வளவு காலமும் திருவிழாவுக்குத் திருவிழா ஊரே கேட்ட மத்திமம்.

நாதஸ்வரத்தை அவரே வாசிப்பது என்று முடிவானது. எனது அறையில் முதல் ஊதலிலேயே மீட்டர் சிவந்தது, கூரைத் தகரம் அதிர்ந்தது, கட்டியிருந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. அது கோயில் வீதிக்கென்று செய்த வாத்தியம். மைக்கை முற்றத்துப் பாலை மரத்தடிக்குக் கொண்டுபோனோம். பகலில் கச்சான் காற்று மைக்குக்குள் புகுந்து உறுமியது. விடியப்புறம் காற்று விழுந்த நேரத்தில் மயில். கடைசியில் மயிலுக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட ஒரு கொஞ்ச நேரத்தில் அண்ணை ஒரே மூச்சில், இல்லை, பல மூச்சில், வாசித்து முடித்தார். அவருடைய வாத்தியத்தின் சுருதி இரண்டரைக் கட்டை, பாட்டு நாலு கட்டை. ரீப்பரில் இரண்டு அரைச்சுரம் உயர்த்திக்கொண்டேன். “உது என்ர சத்தமில்லை, என்ர தம்பியின்ர சத்தம்” என்று முணுமுணுத்தாலும் சம்மதித்தார். முற்பணம் கொடுத்தாயிற்று.

பெயரை வெட்டிய வேலை இருக்கிறதே, அது ஒரு நிமிடம்கூட இல்லை.

அன்றிரவே ஒவ்வொரு ட்ராக்கையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வேவ் பைலாக இறக்கினேன். 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, இருபது ட்ராக்குக்குக் கிட்ட, ஒன்றரை ஜிபி சொச்சம். எந்த மென்பொருளிலும் திறக்கும், எந்தப் பிளகினையும் கேட்காது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கும் தாங்கும். ஒரு பிரதி அம்மாவின் பைக்குள் போனது.

திருவிழா அன்று நான் அன்னதான வரிசையில் நிற்கும்போது ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கியது. கணீர்க் குரல், பின்னால் மூச்சு விடாத நாதஸ்வரம், நடுவில் அந்த மத்திமம், அதற்குப் பிறகு அப்பா பெயரோடு சேர்த்துப் பழைய தலைவர். ஐயா வேட்டியை மடித்துக்கொண்டு லவுட்ஸ்பீக்கர்காரரிடம் ஓடினார். அவர் பென் டிரைவைக் கழற்றிக் காட்டினார்: “வருசா வருசம் போடுறதைத்தானே ஐயா போட்டனான். புதுசு எண்டு ஒண்டை எனக்கு ஆர் தந்தது?”

வாளியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்த பழைய தலைவர் என் இலைக்கு முன்னால் நின்றார்.

“நாதஸ்வரம் களவு போட்டுது எண்டு கேள்விப்பட்டன் தம்பி. வடிவாத்தானே கேக்குது!”

தூரத்திலிருந்து செயலாளர் ஐயா என்னைப் பார்த்தார். நான் இலையில் இருந்த மோதகத்தைப் பார்த்தேன்.