12 மில்லிமீட்டரில் சுங்கை சிப்புட்

3 பிப்ரவரி 2024, சனி

காலை ஷிப்ட். செம்பனைக் குலை ஏற்றிய பெட்டிகள் தண்டவாளத்தில் உருண்டு, குலையை நீராவியில் அவிக்கும் ஸ்டெரிலைசருக்குள் போவதை 18 வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் இன்ஜினியர் வேலைக்குச் சேர்ந்ததற்கு அந்தத் தண்டவாளமும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனேன். 1968இல் நம் ஊர் ஸ்டேஷன், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், எப்படி இருந்ததோ அப்படியே 1:87 அளவில் ஓடும் மாதிரி ரயிலோடு செய்துகொண்டிருக்கிறேன். நம் நாட்டுப் பாதையின் அகலம் 1 மீட்டர். 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. கடையில் கிடைப்பது 12 மி.மீ., அது போதும். பலரும் 16.5 மி.மீ. பாதையை வாங்கி அதிலேயே நம் வண்டிகளை ஓட்டுகிறார்கள். அது 1435 மி.மீ. அகலப் பாதைக்கு உரியது. அதில் நம் இன்ஜினை நிறுத்தினால் காலை அகட்டி நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு மனசு வரவில்லை.

4 பிப்ரவரி, ஞாயிறு

நாள் முழுக்க மேசைக்கு அடியில்தான். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஒயர் இறக்கி, கீழே ஓடும் 1.5 சதுர மி.மீ. ஒயரில் சால்டர் வைத்தேன். இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரம் விட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் ஆறு மாசத்தில் பச்சை பிடித்துவிடும்.

அப்புறம் 20 காசு சோதனை. நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தால் ஷார்ட் ஆகும், உடனே தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி, அதாவது பூஸ்டர், கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த இடத்துக்குப் போகும் ஒயரில் தடை அதிகம். வண்டி தடம் புரண்டால் சக்கரமே சூடாகி உருகிவிடும். 22 இடத்தில் வைத்துப் பார்த்தேன். யார்டின் கடைசிக் கிளையில் மட்டும் பூஸ்டர் அசையவில்லை. அங்கே ஒரு சால்டர் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தது.

10 பிப்ரவரி, சனி

சீனப் பெருநாள், ஊரே பட்டாசு. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பின்னறைக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் 140 ரப்பர் மரம் நட்டு முடித்திருந்தேன். அதைக் காட்டத்தான்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்னய்யா, ஒரு மரத்துலயும் வெட்டுன கோடே காணோம்? இதையெல்லாம் யாரு வெட்டுறது?”

மரத்தின் தண்டு 2 மி.மீ. கனம்தான். பிளேடு முனையால் ஒரு மரத்தில் கீறிக் காட்டினேன். தலையை ஆட்டினார். “மாத்திப் போட்டிருக்க. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. அப்பதான் பால் வரும்.” முப்பது வருடம் பால் மரம் வெட்டிய கை காற்றிலேயே கத்தியை இழுத்துக் காட்டியது. அந்தச் சரிவு 30 பாகைக்கு அருகில் இருந்தது.

ராத்திரி படித்துப் பார்த்தேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுக்கும். அம்மாவுக்கு இந்தக் காரணத்தை யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் கேட்டார்: “இது எந்த மாசம்?” நான் அதை யோசித்ததே இல்லை. மாசி என்றால் பாதி மரம் இலை கொட்டி நிற்க வேண்டும், துளிர் செம்பு நிறத்தில் வர வேண்டும். சரி, மாசியே இருக்கட்டும். 140 மரத்தையும் பிடுங்கியாயிற்று.

17 பிப்ரவரி, சனி

தோட்டத்துச் செம்மண்ணைக் காயவைத்து, அரைத்து, டீ வடிகட்டியில் சலித்தேன். தூவுவதற்கு முன்னால் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மண்மேல் நடத்தினேன். இரும்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அதை விட்டிருந்தால் நேராக மோட்டாருக்குள் போயிருக்கும். மரம் 31 முடிந்தது, எல்லாம் கோட்டோடு.

24 பிப்ரவரி, சனி

மாமா வந்தார். 1965இல் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது வண்டிக்குத் தடம் மாற்றிவிடுபவராக, சேர்ந்தவர். என் 56ஆம் வகை நீராவி இன்ஜினை முதல் தடவையாக அவருக்கு ஓட்டிக் காட்டினேன். 1938இல் இந்த நாட்டுக்கு வர ஆரம்பித்தது அந்த வகை, நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டியது. என் மாதிரியின் உடம்பு முழுக்க நானே வரைந்து முப்பரிமாணத்தில் அச்சிட்டது. சத்தத்துக்கு உள்ளே டிகோடர் என்ற சின்ன மின்னணுச் சில்லு வைத்திருக்கிறேன்.

மாமா கண்ணை மூடிக் கேட்டார். “இன்ஜின் அதுதான்டா. மூச்சு அது இல்ல.”

எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் மேசை ஓரத்தில் விரலால் தட்டினார். எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூச்சு என்றால் நீராவி வெளியேறும் ‘சுக்’ சத்தம். டிகோடர் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நாலு மூச்சு விடுகிறது. அது இரண்டு சிலிண்டர் இன்ஜினுக்குச் சரி. 56க்கு மூன்று சிலிண்டர், ஆறு மூச்சு. வரைபடத்தில் மூன்று சிலிண்டரையும் வரைந்தவன் நான்தான். காதில் வைத்திருந்தவர் அவர்.

பிளாட்பாரத்தில் நிற்கும் 2 செ.மீ. ஆளைப் பார்த்து, “இவன் கை ஏன் சும்மா தொங்குது?” என்றார். ஒற்றைப் பாதைக் காலம் அது. அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. பிரம்பு வளையம், அடியில் தோல் பை, பைக்குள் டோக்கன். நிற்காமல் போகும் வண்டிக்கு ஓரமாக நின்று வளையத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும், டிரைவர் கையை உள்ளே விட்டு வாங்கிக்கொள்வார். மாமா எழுந்து நின்று, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டிக் காட்டினார். முகத்தை ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டேன். “புகைக்கரி கண்ணுல விழும்டா.”

இன்று ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கி.மீ. இரட்டைப் பாதை, மின்சார வண்டி. வளையத்துக்கு வேலை இல்லை.

2 மார்ச், சனி

ஒயரிலிருந்து ஒரு இழை செம்பை உருவி, 6 மி.மீ. வளையமாகச் சுற்றிப் பழுப்பு வண்ணம் பூசினேன். ஆளின் கழுத்தை அறுத்து, முகத்தைத் திருப்பி ஒட்டினேன். டிகோடரில் மூச்சு ஆறாயிற்று. போனில் மாமாவுக்குக் கேட்கவைத்தேன். “ம்ம்” என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சாயங்காலம் அம்மா, “நம்ம லயம் எங்கய்யா?” என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஸ்டேஷனிலிருந்து தோட்டம் 3 மைல். கணக்குப் போட்டால் 55 மீட்டர். அளவுப்படி எங்கள் லயம் இந்தச் சுவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெரு முனை மளிகைக்கடைப் பக்கம் வருகிறது. சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன்.

“கிழக்க. பக்கத்துல ஒரு முருங்க மரம்.”

நாளைக்கு அட்டை வெட்ட வேண்டும்.